நிலவறைக் கதவுகளைத் திறந்த டாரதியா டிக்ஸ்

1841-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கிழக்கு கேம்பிரிட்ஜ் சிறைச்சாலைக்கு ஒரு பெண்மணி வந்தார். அங்குள்ள பெண் கைதிகளுக்குப் பைபிள் வகுப்பு நடத்த ஆள் தேவைப்பட்டது. அதற்காகவே அவர் வந்தார். வயது 38. மெலிந்த உடம்பு, அடிக்கடி நெஞ்சு நோய். பள்ளி ஆசிரியையாக இருந்து, உடல்நிலை இடம் கொடுக்காததால் அந்த வேலையை விட்டவர். பெயர் டாரதியா டிக்ஸ்.

வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் சிறையின் மற்றப் பகுதிகளையும் பார்த்தார். குற்றம் எதுவும் செய்யாத சில பெண்கள் கைதிகளோடு கைதிகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள். அந்தப் பகுதியில் மார்ச் மாதத்திலும் குளிர் எலும்பைத் துளைக்கும். அப்படியிருந்தும் அவர்கள் இருந்த இடத்தில் கணப்பு இல்லை. காரணம் கேட்டபோது, பைத்தியங்களுக்குக் குளிர் தெரியாது என்று பதில் வந்தது.

சிறை அதிகாரி கொடுமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அன்று படித்தவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்பினார்கள்.

டாரதியா விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனார். கணப்பு அடுப்பு வந்தது. வேறொருவர் என்றால் அத்துடன் திருப்தி அடைந்திருப்பார். தலைநகரை ஒட்டிய ஒரு சிறையிலேயே இந்தக் கதி என்றால், யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களில் என்ன நடக்கும் என்ற கேள்வி டாரதியாவை விடவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே கழிந்தது.

இளமைக் காலம்

டாரதியா பிறந்தது 1802-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி, மெயின் பகுதியில் உள்ள ஹாம்ப்டன் என்ற ஊரில். தந்தை ஜோசப் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்பவர். குடிப்பழக்கமும் உண்டு. தாய் நோயாளி. தந்தையின் மதப் பிரசுரங்களை மடித்துத் தைப்பது சிறுமிக்கு விதிக்கப்பட்ட வேலை. 12 வயதில் அவள் பாஸ்டனில் இருந்த பாட்டியிடம் போய்ச் சேர்ந்தாள். 14-வது வயதில் ஊஸ்டர் நகரில் உறவினர் வீட்டில் இருந்தபடியே ஒரு சிறு பள்ளி தொடங்கினாள். ஆசிரியை என்று பிள்ளைகள் மதிக்க வேண்டுமே என்பதற்காக, பெரியவர்களைப்போல நீண்ட பாவாடை உடுத்திக் கொண்டாள் என்று சொல்வார்கள்.

பிறகு பாஸ்டனில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1824-ல் அவர் எழுதிய பாடப்புத்தகம், ஒரு தாயும் மகளும் அன்றாடப் பொருள்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் முறையில் அமைந்தது. அது 60 பதிப்புகள் வரை போயிற்று. 1836-ல் உடல் அடியோடு தளர்ந்துவிட்டது. இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் ராத்போன் என்ற வணிகக் குடும்பத்தாரின் வீட்டில் ஒன்றரை ஆண்டு காலம் தங்கி உடம்பைத் தேற்றிக் கொண்டார். சீர்திருத்தவாதிகள் வந்து போகும் வீடு அது. யார்க் நகரில் குவேக்கர் சமயத்தார் 1796 முதல் நடத்திவந்த மனநோயாளர் இல்லத்தின் புகழ் அப்போது இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்தது. அங்கே சங்கிலி கிடையாது. நோயாளிகளுக்குத் தோட்ட வேலையும் நல்ல சாப்பாடும் நாலு பேருடன் பேசிப் பழகும் வாழ்க்கையும் கொடுத்தார்கள்.

பாட்டி இறந்தபோது விட்டுச் சென்ற சொத்தினால் டாரதியாவுக்குச் சொந்த வருமானம் ஏற்பட்டது. பிற்காலத்தில் அவர் எந்த அதிகாரிக்கும் அஞ்சாமல் எழுத முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சம்பளம் வாங்கினால்தானே கைகட்டி நிற்க வேண்டும்!

ஏலத்தில் மனிதர்கள்

அந்நாளில் ஏழைகள், கைவிடப்பட்ட முதியோர், சித்தம் கலங்கியவர்கள் ஆகியோரைக் காப்பாற்றுவது அந்தந்த ஊரின் பொறுப்பு. சில ஊர்களில் ஏழைகள் விடுதி இருந்தது. விடுதி இல்லாத பல ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஏலம் நடக்கும். நம் ஊரில் ஏலம் என்றால் அதிக விலை கேட்பவருக்குப் பொருள் போகும். அங்கே நேர்மாறு. இந்த மனிதரை ஓராண்டு வைத்துச் சோறு போட என்ன தொகை வேண்டும் என்று கேட்பார்கள். யார் மிகக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்கிறாரோ அவரிடம் ஆளை ஒப்படைத்து விடுவார்கள். எடுத்தவருக்கு லாபம் எங்கிருந்து வரும்? சோற்றிலும் விறகிலும் போர்வையிலும் மிச்சம் பிடிப்பதிலிருந்துதான். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு மேல் கேட்க ஒருவரும் இல்லை.

மாசசூசெட்சில் ஊஸ்டர் நகரில் அரசாங்க மனநோய் மருத்துவமனை ஒன்று 1833-லேயே திறக்கப்பட்டிருந்தது. ஆனால் இடம் போதவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பினால் ஊருக்குச் செலவு அதிகம். விடுதி நிலவறையில் போட்டால் செலவு குறைவு. கணக்குப் பார்த்தவர்கள் நிலவறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டாரதியா கையில் குறிப்பேட்டுடன் புறப்பட்டார். மாநிலம் முழுவதும் சிறை சிறையாக, விடுதி விடுதியாகச் சென்றார். இந்த வேலை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் நடந்தது. பார்த்ததை ஊர்ப் பெயருடன் எழுதினார். 1843 ஜனவரியில் அதையெல்லாம் ஒரு மகஜராக்கி மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினார். பெண்களுக்கு அன்று ஓட்டுரிமை இல்லை, சபையில் பேசும் உரிமையும் இல்லை. ஆகவே பார்வையற்றோர் பள்ளியின் தலைவரும் சபை உறுப்பினருமான டாக்டர் சாமுவேல் ஹோ அதைச் சபையில் சமர்ப்பித்தார்.

மகஜரில் அலங்காரம் குறைவு. ஊர்ப் பெயர், அங்கே கண்ட நிலை, அவ்வளவுதான். லிங்கன் என்ற ஊரில் ஒரு பெண் கூண்டில் இருந்தாள். மெட்போர்டில் ஒருவர் சங்கிலியில். இன்னொருவர் நெருக்கமான கொட்டடியில் 17 ஆண்டுகளாக. பெப்பரெல்லில் ஒருவருக்கு அடிக்கடி கையிலும் காலிலும் இரட்டைச் சங்கிலி. கிரான்வில்லில் அடைத்தே வைத்ததால் ஒருவருக்குக் கைகால்கள் செயலிழந்து கொண்டிருந்தன. புரூக்பீல்டில் ஒருவர் கூண்டில் இருந்தாலும் வசதியாக வைக்கப்பட்டிருந்தார். அதையும் மறைக்காமல் எழுதினார். பல விடுதிக்காரர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல, வழி தெரியாதவர்கள், வசதி இல்லாதவர்கள் என்றும் எழுதினார். குற்றம் தேடிப் போனவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாமல் போனதற்கு இந்த நேர்மையே காரணம்.

கிழவரும் மனைவியும்

அந்த மகஜரில் சாண்டிஸ்பீல்டு என்ற ஊரின் சம்பவம் ஒன்று வருகிறது. அங்கே ஓர் ஏழை இளம்பெண் பல ஆண்டுகளாக வெறி பிடித்தவளாக இருந்தாள். கூண்டு, சங்கிலி, சவுக்கு, வசைமொழி இவைதான் அவளுக்கு வைத்தியம். ஆண்டுதோறும் அவளும் ஏலத்துக்கு வருவாள். ஓராண்டு ஒரு கிழவர் முன்வந்து அவளைக் கேட்டார். கூட்டம் அவரைக் கேலி செய்தது. கிழவனும் கிழவியும் இந்த மிருகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று சிரித்தார்கள். மனைவி சம்மதித்துவிட்டாள், ஆகவே கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அவர் அழைத்துச் சென்றார்.

அவளைக் குளிப்பாட்டி நல்ல உடை உடுத்தினார்கள். சமையலறையை ஒட்டிய அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். சங்கிலியை மட்டும் உடனே கழற்றவில்லை. முதல் வாரம் அவள் சில சமயம் மூர்க்கமாக இருந்தாள். ஆனால் அந்த முதியவர்களின் அமைதியான நடத்தை அவளை மெல்ல மாற்றியது. ஒரு வாரம் கழித்துச் சங்கிலியின் நீளத்தைக் கூட்டினார்கள். சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். சின்னச் சின்ன வேலைகள் செய்யத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் கிழவர் சங்கிலியைத் தட்டி எறிந்தார். அவர்களை அவள் அப்பா, அம்மா என்று அழைக்க ஆரம்பித்தாள்.

டாரதியா இதைச் சொன்னது கண்ணீர் வரவழைப்பதற்காக மட்டும் அல்ல. அதே பெண், அதே நோய், அதே ஏலம். எடுத்தவர் மாறினார், நிலை மாறியது. அப்படியானால் நோயாளியின் கதி ஏலத்தில் யார் கை உயர்கிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததா? நல்ல கிழவர் கிடைக்காத மற்றவர்களுக்கு என்ன வழி? சட்டசபைக்கு அவர் வைத்த வாதம் இதுதான். பராமரிப்பு ஒருவரின் தயவாக இருக்கக் கூடாது, அரசாங்கத்தின் கடமையாக வேண்டும்.

ஊர் நிர்வாகிகள் கொதித்தார்கள். எல்லாம் மிகை, ஊருக்குக் கெட்ட பெயர் என்று மறுப்புகள் வெளியாயின. ஆனாலும் ஊஸ்டர் மருத்துவமனையை விரிவுபடுத்த சட்டசபை பணம் ஒதுக்கியது.

சுத்தியலும் ஆணியும்

அடுத்து ரோட் ஐலண்டு. லிட்டில் காம்ப்டன் என்ற ஊரில், கல்லால் கட்டிய ஒரு சிறிய அறையில், உள்சுவரில் பனி உறைந்திருக்க, ஒரு மனிதர் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தார். டாரதியா அதை 1844 ஏப்ரலில் பத்திரிகையில் எழுதினார். சைரஸ் பட்லர் என்ற பணக்காரரையும் நேரில் சந்தித்தார். கையை இறுக்கிப் பிடிப்பவர் என்று பெயர் எடுத்த அந்த மனிதர் 40 ஆயிரம் டாலர் கொடுத்தார். அவர் பெயரிலேயே 1847-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

நியூ ஜெர்சியில் ஓர் ஏழைகள் விடுதியின் அடித்தளத்தில் ஒரு முதியவரைக் கண்டார். ஒரு காலத்தில் நீதிபதியாகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தவர். சொத்து போய், புத்தி தளர்ந்து, அங்கே வந்து சேர்ந்திருந்தார். டாரதியா இதை 1845-ம் ஆண்டு மகஜரில் எழுதியபோது சபையில் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். யாரோ ஏழைக்கு என்று நினைத்திருந்த நிலவறை, நாளை தங்களுக்கும் காத்திருக்கலாம் என்பது அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது. 1848-ல் டிரென்டன் நகரில் மருத்துவமனை எழுந்தது. தமது தலைப்பிள்ளை என்று டாரதியா பெருமையுடன் சொல்லிக் கொண்டது அதைத்தான்.

1845 வாக்கில் கணக்குப் பார்த்தால், மூன்றே ஆண்டுகளில் 10 ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்திருந்தார். 18 மாநிலச் சிறைகள், 300 மாவட்டச் சிறைகள், 500-க்கு மேற்பட்ட ஏழைகள் விடுதிகள். பாதைகள் மோசமானவை. குதிரை வண்டிகள் அடிக்கடி உடையும். ஆகவே சுத்தியல், ஆணி, திருகாணி, கயிறு, தோல் வார் எல்லாம் ஒரு பையில் போட்டுத் தம்முடனேயே வைத்திருந்தார் இந்த நோயாளிப் பெண்மணி.

வட கரோலினாவில் 1848-ல் அவருடைய மசோதா தோற்றுப் போகும் நிலையில் இருந்தது. அவர் தங்கியிருந்த ஓட்டலிலேயே டாபின் என்ற சட்டசபை உறுப்பினரின் மனைவி நோயாய்க் கிடந்தார். டாரதியா அவருக்குப் பணிவிடை செய்தார். அந்தப் பெண் சாகும் தறுவாயில், டாரதியாவின் மசோதாவுக்கு ஆதரவு தர வேண்டும் என்று கணவரைக் கேட்டுக்கொண்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டுச் சபைக்கு வந்த டாபினின் பேச்சு சபையைத் திருப்பியது. மசோதா நிறைவேறியது. ராலே நகரில் எழுந்த அந்த மருத்துவமனைக்குத் தம் பெயரைச் சூட்ட டாரதியா சம்மதிக்கவில்லை. பாட்டனார் நினைவாகக் குன்றுக்கு டிக்ஸ் குன்று என்று பெயர் வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

எப்படி இருக்க வேண்டும் என்ற விதி

கட்டடம் கட்டினால் மட்டும் போதுமா? நிலவறைக்குப் பதிலாகப் பெரிய நிலவறை கிடைத்தால் என்ன பயன்? டாரதியா இதில் டாக்டர் தாமஸ் கிர்க்பிரைடு என்ற பிலடெல்பியா மருத்துவரின் யோசனைகளைப் பின்பற்றினார். டிரென்டன் மருத்துவமனை அவருடைய திட்டப்படி அமைந்த முதல் கட்டடம்.

1851-ல் மனநோய் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களின் சங்கம் அந்த யோசனைகளை விதிகளாக ஏற்றது. அவற்றைப் படித்தால், டாரதியாவின் குறிப்பேட்டுக்கு எழுதிய பதில்போல இருக்கும். நோயாளி தங்கும் அறை எதுவும் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று நேரடியாக வரும் ஜன்னல் வேண்டும். சுவர் கல் அல்லது செங்கல், கூரை தீப்பிடிக்காத பொருள். படிக்கட்டு இரும்பு அல்லது கல். சுற்றிலும் குறைந்தது 50 ஏக்கர் நிலம், மாநில மருத்துவமனை என்றால் 100 ஏக்கர். ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் வைக்கக் கூடாது, 200 பேர் என்றால் இன்னும் நல்லது. ஏன் இந்த எண்ணிக்கை? தலைமை மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

விதி எழுதுவது ஒன்று, காப்பது ஒன்று. 15 ஆண்டுகளில், 1866-ல், அதே சங்கம் 250-ஐ 600 ஆக உயர்த்தியது. கூட்டம் பெருகியது, பணம் பெருகவில்லை. பிற்காலத்தில் அந்த 600-ம் பல மடங்கு மீறப்பட்டது.

ஒரு கையெழுத்தில் போன 6 ஆண்டுகள்

மாநிலம் மாநிலமாகக் கெஞ்சுவதைவிட மத்திய அரசிடமே கேட்டால் என்ன என்று டாரதியாவுக்குத் தோன்றியது. 1848-ல் தொடங்கி 6 ஆண்டுகள் வாஷிங்டனில் போராடினார். அரசாங்கப் புறம்போக்கு நிலத்தில் 1 கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கரை மாநிலங்களுக்குக் கொடுத்து, விற்று வரும் பணத்தை மனநோயாளிகளுக்கும், பார்வையற்றோர், காது கேளாதோருக்கும் நிதியாக வைப்பது மசோதாவின் நோக்கம். 1854-ல் இரு சபைகளிலும் அது நிறைவேறியது. மே 3-ந் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிராகரித்தார். ஏழைகளைக் காப்பது மாநிலங்களின் வேலை, மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ரெயில்பாதைக் கம்பெனிகளுக்காக நிலத்தை வாரிக் கொடுத்த அரசாங்கம் அது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மனம் உடைந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். ஓய்வுக்குத்தான் போனார். ஓய்வு எடுக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் தனியார் மனநோயாளர் விடுதிகள் மலிந்திருந்தன. எடின்பரோவுக்கு அருகில் மசல்பரோவில் பல இருந்தன. லைசென்சு வாங்கியவர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, லாபத்துக்காக நடத்தியவை. சில விடுதிகளைப் பார்த்ததும் டாரதியாவுக்குப் புரிந்துவிட்டது. கடல் கடந்து வந்தாலும் அதே ஏலம்தான். உள்ளூர் அதிகாரிகள் அசையவில்லை. எடின்பரோ நகரத் தலைவர் லண்டனுக்குப் போய் விசாரணையைத் தடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், டாரதியா பெட்டி படுக்கை இல்லாமல் இரவு ரெயிலில் ஏறி, அவருக்கு முன்பே லண்டன் போய்ச் சேர்ந்தார். உள்துறை மந்திரி சர் ஜார்ஜ் கிரேயைச் சந்தித்தார். 1855-ல் அரச விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1857-ல் சட்டம் வந்தது. மனநோயாளிகள் உள்ள இடங்களைத் தொடர்ந்து பார்வையிட ஸ்காட்லாந்து முழுமைக்கும் ஒரு கமிஷனர் குழு ஏற்பட்டது. அமெரிக்காவில் பதினான்கு ஆண்டுகளாகத் தனி ஒருத்தியாக அவர் செய்த வேலையை, அங்கே ஒரு சட்டம் நிரந்தர வேலையாக்கியது. அவருடைய சாதனைகளில் மிக நிலையானது இதுவே என்று சொன்னால் தவறில்லை. சொந்த நாட்டில் இப்படி ஓர் அமைப்பை அவர் உருவாக்கவில்லை.

1856-ல் ரோமில் போப் ஒன்பதாம் பயஸைச் சந்தித்து, அந்நகர் மனநோயாளர் இல்லத்தின் நிலையைச் சொன்னார். போப் முன்னறிவிப்பு இல்லாமல் தாமே அங்கே போய்ப் பார்த்துத் திடுக்கிட்டார். டாரதியாவுக்கு நன்றி சொல்லி, சீர்செய்வதாக வாக்களித்தார்.

உள்நாட்டுப் போர் மூண்டதும் 1861-ல் ராணுவ நர்சுகளின் தலைவியாக நியமிக்கப்பட்டார். வயது முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும், உடை பழுப்பு அல்லது கறுப்பு, நகை கூடாது, சுருள் முடி கூடாது என்று கண்டிப்பான விதிகள் போட்டார். சம்பளம் வாங்கவில்லை. டாக்டர்களோடு ஓயாத சண்டை. 1863-ல் அவருடைய அதிகாரத்தைக் குறைத்தார்கள். பலருடன் சேர்ந்து வேலை செய்வது அவருக்குக் கைவந்த கலை அல்ல. தம்மை மதிப்பிட இந்தப் பணியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே அவர் விருப்பம்.

இன்னொரு குறையும் உண்டு. தென் மாநிலங்களில் சுற்றியபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளுக்காகப் பேசியவர், அடிமைச் சங்கிலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசினால் மசோதாக்கள் போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அந்த மௌனம் அவருடைய வரலாற்றில் இருக்கத்தான் செய்கிறது.

போருக்குப் பிறகும் தாம் எழுப்பிய மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்து வந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அவர் முயற்சியால் தோன்றியவை அல்லது விரிந்தவை. பலவற்றில் நெரிசல். குணமாக்கும் இடமாகத் தொடங்கியவை அடைத்து வைக்கும் இடமாக மாறிக் கொண்டிருந்தன. அவருக்குப் பின் அதே குறிப்பேட்டைத் தூக்கிச் செல்ல ஒரு சங்கத்தையோ சீடரையோ அவர் விட்டுச் செல்லவில்லை.

1881-ல் உடல் தளர்ந்தபோது அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை. டிரென்டன் மருத்துவமனை நிர்வாகிகள் அங்கேயே சில அறைகளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தாம் கட்டுவித்த மருத்துவமனையிலேயே ஆறு ஆண்டுகள் மற்றவர்களின் பராமரிப்பில் இருந்து, 1887-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, 85-வது வயதில் காலமானார். கேம்பிரிட்ஜில் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நடுகல்லில் பெயர் மட்டும் இருக்கிறது.

டிரென்டன் மருத்துவமனை இன்றும் நடக்கிறது. ராலே மருத்துவமனைக்குப் பிற்காலத்தில் டாரதியாவின் பெயரே சூட்டப்பட்டது. 2012-ல் அது மூடப்பட்டு, அந்தக் குன்று இப்போது நகரப் பூங்காவாக இருக்கிறது.